கிளாஸ்கோ: புகலிடம் கோருவோரும் ஊரின் அடையாளமும்

புகலிடம் கோரி வருவோரால் ஊரின் அடையாளம் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர், அந்த அடையாளம் எப்போது, யாரால் உருவானது என்பதைச் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1923இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை முன் வைக்கப்பட்ட ஓர் அறிக்கை, அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்களை ஸ்காட்லாந்துத் தேசியத்துக்கே ஆபத்தானவர்கள் என்று வர்ணித்தது. அந்த மக்களில் ஏழைகளாக இருந்தவர்களின் பசி போக்க நிதி திரட்டவென்று 1887இல் தொடங்கப்பட்ட செல்டிக் கால்பந்துக் கழகம் இல்லாத கிளாஸ்கோவை இன்று யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. அதன் பரம வைரியான, அதே நகரத்து ரேஞ்சர்ஸ் கழகத்தின் ரசிகர்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

இதனால் பழைய குடிகளின் கோபம் முழுவதும் பொய் என்று ஆகிவிடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் அரசு புகலிடக் கோரிக்கையாளர்களை லண்டனிலிருந்து பிற நகரங்களுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கியபோது, கிளாஸ்கோவில் பலருக்குக் கிடைத்தவை சைட்ஹில் போன்ற வறிய பகுதிகளில் ஆளின்றிக் கிடந்த அடுக்குமாடி வீடுகள். பல ஆண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த அப்பகுதி மக்களிடம், வந்தவர்களுக்கு மட்டும் வசதிகள் கிடைக்கின்றன என்ற புகைச்சல் எழுந்தது. 2001 ஆகஸ்டில் அங்கே 22 வயதுக் குர்து இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார்.

ஆனால் அதே நகரத்தில்தான், 2005இல் தங்கள் தோழி குடும்பத்தோடு அதிகாலையில் கைதுசெய்யப்பட்டதை எதிர்த்து, உள்ளூர் மாணவிகளும் புகலிடம் கோரி வந்த மாணவிகளும் ஒன்றுசேர்ந்து போராடினார்கள். 2021 மே 13 அன்று குடிவரவு அதிகாரிகள் பிடித்த இரண்டு இந்தியர்களை ஏற்றிய வண்டியை, கென்மூர் தெருவில் அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டு பல மணி நேரம் நகரவிடாமல் தடுத்து, இருவரையும் மீட்டார்கள். கிளாஸ்கோக்காரர்கள் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதைகளில் இவையும் உண்டு.

உரசலை வளர்ப்பது அரசின் நடைமுறைதான். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வேலை செய்ய அனுமதியில்லை. ஓராண்டு கடந்தபின் விண்ணப்பித்தாலும் குறிப்பிட்ட சில வேலைகள் மட்டுமே. அவ்வாறு கையைக் கட்டிவைத்துவிட்டு, வரிப்பணத்தில் வாழ்கிறார்கள் என்று ஏசுவது என்ன நியாயம்? தேங்கிக் கிடந்த கோரிக்கைகளை 2023இல் உள்துறை அமைச்சகம் அவசரமாகத் தீர்க்கத் தொடங்கியபோது, அனுமதி பெற்றவர்கள் அரசு விடுதிகளைவிட்டு வெளியேறி நகராட்சியிடம் வீடு கேட்டு நின்றார்கள். அந்த நவம்பரில் கிளாஸ்கோ வீட்டுவசதி நெருக்கடியை அறிவித்தது. முடிவெடுப்பது லண்டன், செலவைச் சுமப்பது கிளாஸ்கோ. ஆட்களை அனுப்பும்போதே அவர்களுக்கு வீடமைக்கும் நிதியையும் அனுப்ப வேண்டும். வேலை செய்யும் உரிமையை ஆறு மாதத்திலாவது வழங்க வேண்டும்.