எந்தப் புதூர்?

வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு குரல் பதிவு சுற்றுக்கு வரும். யாரோ ஒருவர் 108-ஐ அழைத்திருப்பார். மறுமுனையில் இருப்பவர் எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த ஊர், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவார். அழைத்தவருக்குப் பொறுமை போய்விடும். "இங்கே உயிர் ஊசலாடுகிறது, உட்கார்ந்து கேள்வி கேட்கிறீர்களா?" என்று கத்திவிட்டுத் துண்டித்துவிடுவார். கேட்கிறவர்கள் எல்லோரும் அவர் பக்கம் நின்று திட்டித் தீர்ப்பார்கள்.

எனக்கும் கோபம் உண்டு. ஆனால் தொலைபேசியை எடுத்த அந்தப் பெண்ணின் மீது இல்லை. ஊர்ப் பிரிவில் பெயர்ப்பலகை வைக்காதவர்கள் மீதும், தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு ஒழுங்கான எண்ணும் கொடுக்காதவர்கள் மீதும்தான் கோபம். அந்தக் கேள்விகள் அத்தனையும் நம்மிடம் முகவரி என்ற ஒன்று இல்லாததால் வருகின்றன.

நான் இருப்பது திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டம், மூலனூர் பக்கம், புதூர். எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய பலருக்கு இது வாயில் வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1979 வரை இந்தப் பக்கமெல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம். பிறகு பெரியார் மாவட்டம் பிரிந்தது. அதுவே பின்னால் ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-இல் எங்களைத் திருப்பூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு 108 வந்தது 2008 செப்டம்பரில். அதாவது, ஆம்புலன்ஸை அழைத்து 'ஈரோடு மாவட்டம்' என்று சொல்லிப் பழகுவதற்குள் மாவட்டம் மாறிவிட்டது. என் அம்மாயி கடைசிவரை 'கோயமுத்தூர் ஜில்லா' என்றுதான் சொன்னார். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இது போதாதென்று பெயர்க் குழப்பம் வேறு. தாராபுரம் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. சின்னதாராபுரம் கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் கன்னிவாடி என்று ஒரு பேரூராட்சி. திண்டுக்கல் மாவட்டத்திலும் ஒரு கன்னிவாடி, அதுவும் பேரூராட்சிதான். புதூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் புதூர் இல்லாத மாவட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சென்னையில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் 'புதூர்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கே வண்டி அனுப்புவார்?

அத்தைக்கு நெஞ்சு வலி வந்த இரவை அதனால்தான் சொல்கிறேன். நள்ளிரவுக்கு மேல் இருக்கும். அத்தை திண்ணையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் முழுக்க வியர்வை. தாடை வலிக்கிறது, வாயுதான், சீரகத் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அவரே மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் போனை வாங்கி நான் பேசினேன்.

"எந்த மாவட்டம் சார்?"

"திருப்பூர். தாராபுரம் வட்டம். புதூர்."

"எந்தப் புதூர் சார்?"

"மூலனூரிலிருந்து கரூர் போகும் சாலையில் வலது பக்கம் ஒரு பிரிவு வரும்."

"பிரிவில் பலகை இருக்கிறதா?"

இல்லை. ஒரு மூடிக் கிடக்கும் நூல் மில் இருக்கிறது, அதன் காம்பவுண்டுச் சுவரில் கட்சி விளம்பரம் இருக்கிறது, எதிரே ஒரு கருப்பணசாமி கோயில் இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரலில் பதற்றமே இல்லை. அது முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அதுவே பிடிமானமாக இருந்தது. வயது என்ன, நினைவு இருக்கிறதா, மூச்சு விட முடிகிறதா, சர்க்கரை உண்டா என்று கேட்டார். படுக்க வைக்க வேண்டாம், சாய்ந்தபடியே இருக்கட்டும், நடக்க விடாதீர்கள் என்றார். கடைசியாக, "பிரிவில் ஒருவரை வண்டி விளக்கோடு நிறுத்துங்கள். இந்த எண்ணுக்கு ஓட்டுநர் அழைப்பார், எடுங்கள்" என்றார். அத்தை மகன் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு பறந்தான்.

பேசி முடித்து போனை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கியதும் பெங்களூரில் இருக்கும் பெரிய மகனுக்கு அழைத்தார். பிறகு திருப்பூரில் இருக்கும் மருமகனுக்கு. பிறகு பங்காளி வீடுகளுக்கு. கல்யாணத்துக்கு அழைப்பது போல வரிசையாக ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தெரியாத எண் ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. "யாரோ தெரியவில்லை" என்று அதை வெட்டிவிட்டுப் பங்காளியிடம் பேசினார். அந்தத் தெரியாத எண்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்! பிடுங்கி நான் எடுத்தபோது அவர் எங்கள் பிரிவைத் தாண்டிச் சின்னதாராபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எக்ஸெல் விளக்கைப் பார்த்தாராம், ஆனால் யாரோ பஞ்சர் ஆகி நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம். பலகை இல்லாத பிரிவில் ஒரு விளக்கு மட்டும் நின்றால் வேறென்ன நினைப்பார்?

வண்டி வந்ததும் இன்னொரு சண்டை. மருத்துவ உதவியாளர் இளம்பெண், இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். ரத்த அழுத்தம் பார்த்து, ஆக்சிஜன் வைத்து, ஒரு மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். அத்தை மகன், "நேராகக் கோயம்புத்தூர் போய்விடலாம்" என்றான். "முதலில் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி அண்ணா. வழியில் ஏதாவது ஆனால் இந்த வண்டியில் என்னால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்" என்று அந்தப் பெண் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சுற்றி நின்று அதட்டியும் அவர் அசையவில்லை. அத்தை இன்று நன்றாக இருக்கிறார் என்றால் அந்தப் பிடிவாதத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கோயம்புத்தூருக்கு அனுப்பச் சீட்டு எழுதிய பிறகு, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். நெடுநேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் தாழ்வாரத்தில் ஒருவர் வந்து காதோரம், "நம்ம வண்டி வெளியே நிற்கிறது, எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது" என்றார். ஸ்ட்ரெச்சரில் ஆள் கிடக்கும்போது யாருக்கும் பேரம் பேச மனம் வராது. அது அவருக்கும் தெரியும். ஊரிலிருந்து கொண்டுவர வண்டி இருக்கிற மாநிலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள். அரசு கவனிக்க வேண்டிய இடம் இது.

அப்படியும் 108-ஐத் திட்ட எனக்கு மனம் வராததற்குக் காரணம் அப்பாரு, என் தாத்தா. அவரைக் கட்டுவிரியன் கடித்தது ஒரு கோடை இரவில், வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது. அப்போது ஊரில் இருந்த ஒரே கார் மில் முதலாளியுடையது, அவர் ஊரில் இல்லை. விடிகாலையில் சொசைட்டிக்கு வரும் பால் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பால் கேன்களுக்கு நடுவில் உட்கார வைத்துத் தாராபுரம் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இலவசமாக ஒரு எண்ணை அழுத்தினால் ஆக்சிஜனோடு வண்டி வரும் என்பது அந்தத் தலைமுறைக்குக் கதை.

நெடுஞ்சாலையில் முகவரி வேறு மாதிரி. கரூர் - திண்டுக்கல் நான்கு வழிச்சாலையில், அரவக்குறிச்சி தாண்டி, பைக்கில் போன இரண்டு பேரை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போயிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு போன். ஒருவர் "ஒரு பாலத்துக்குப் பக்கத்தில்" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சாலையில் பாலத்துக்குப் பஞ்சமா? லாரி கிளீனர் பையன் ஒருவன் மட்டும் யாரிடமும் எதுவும் பேசாமல் சாலையோரம் ஓடி, மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல்லைப் பார்த்துவிட்டு, எண்ணைச் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடிவந்தான். போனில் இருந்தவர் அடுத்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "திண்டுக்கல் போகும் பக்கமா, கரூர் போகும் பக்கமா?" நடுவில் தடுப்பு இருக்கிற சாலையில் தவறான பக்கத்தில் வண்டி வந்துவிட்டால், திரும்பும் இடம் தேடி மறுபடி வர வேண்டும். வண்டி ஓட்டுகிற நமக்கே தோன்றாத கேள்வி இது.

அதற்குள் ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிட்டார். அடிபட்டவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது நம் மனத்துக்கு ஒப்பாது. ஸ்பீக்கரில், "தண்ணீர் கொடுக்காதீர்கள், ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள்" என்று குரல் வந்தது. கூட்டத்தில் ஒருவர், "எதற்கு வம்பு, அப்புறம் போலீஸ், கோர்ட் என்று அலைய விடுவார்கள்" என்று தன் நண்பரை இழுத்துக்கொண்டு போனார். இந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. விபத்தில் உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அதையே சட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவருக்கு, எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே வரம்புக்குள் ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. இதையெல்லாம் அந்த ஆளிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, இணைய மோசடிக்கு 1930. பதறுகிற நேரத்தில் எவனுக்கு நினைவு இருக்கும்? லண்டனில் 1937-இலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்து 999 என்று ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். இங்கேயும் 112 வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், 108 தெரியும், 100 தெரியும், 112 என்றால் பஸ் நம்பரா என்பார்கள். பேருந்துகளின் முதுகில் அரசின் சாதனைகளை ஒட்டுகிற இடத்தில் இந்த மூன்று இலக்கத்தை ஒட்டியிருக்கலாம்.

"இப்போது போனிலேயே மேப் இருக்கிறதே, லொக்கேஷன் அனுப்பினால் போதுமே" என்று என் தம்பி மகன் சொல்கிறான். அவன் கையில் இருப்பது அவனுக்குப் போதும். இரவில் தனியாக இருக்கும் அத்தை, மாமா கைகளில் இருப்பது பட்டன் போன். தோட்டத்துச் சாலைகளில் வீடுகள் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன. மழை அடித்தால் சிக்னலும் போய்விடும். வாயால் சொல்லத் தெரிந்த முகவரி ஒன்று எப்போதும் வேண்டும். எங்கள் வீட்டில் நாள்காட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாவட்டம் தொடங்கி, பிரிவிலிருந்து எத்தனையாவது வீடு என்பது வரை பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். விருந்தாளிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன மாசியில் பக்கத்துத் தோட்டத்தில் சோளத்தட்டுப் போர் பற்றிக்கொண்டது. 101-க்குச் சொன்னார்கள். வண்டி வந்தது, வேறொரு புதூருக்கு. அங்கே இருந்தவர்கள் சைரன் சத்தம் கேட்டு ஓடிவந்து, எங்கே தீ என்று அவர்களும் சேர்ந்து தேடினார்களாம். ஒருவழியாக எங்களிடம் வந்து, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று கேட்டபடி இறங்கியபோது, வருஷம் முழுக்க மாடுகளுக்கென்று வைத்திருந்த தீவனம் சாம்பலாகிவிட்டது. தீயணைப்பு வீரர்கள் பாவம், பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊரே சேர்ந்து கிராம சபையில் மனுக் கொடுத்தோம். பிரிவில் இரவிலும் தெரிகிற மாதிரி ஒரு பலகை, தெருக்களுக்குப் பெயர், வீடுகளுக்கு வரிசையாக எண். நிதி இல்லை என்று சொன்னார்கள். அடுத்த சபையிலும் கேட்டோம். இப்போது பலகை வந்துவிட்டது. தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள் பெயரெல்லாம் வண்ணத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'புதூர்' என்று இருக்கிறது. மாவட்டமும் இல்லை, வட்டமும் இல்லை. வைத்திருப்பதும் பிரிவில் இல்லை, ஊருக்குள் ரேஷன் கடைக்கு முன்னால். அதைப் படித்துத்தான் தான் புதூரில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் யாரும் அங்கே அரிசி வாங்க வருவதில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடாதவர்கள் மாலையில் வீட்டுக்கு வாருங்கள்.