கிரெடிட் மாற்றமாம், மாற்றம்!

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.பி.ஏ. நடுவில், படித்த தாள்களின் கிரெடிட்டோடு (தாளுக்குரிய மதிப்பலகு) கல்லூரி மாறும் பிள்ளைக்கு எல்லாரும் சொல்வது: "ரெண்டும் நாக் 'ஏ' கிரேடுதானே, கிரெடிட் தானா வந்துரும்." எங்கே வரும்? கல்லூரிகளுக்குத் தரம் போடும் அமைப்பான நாக் பார்ப்பது கல்லூரியை. உங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் தாளை அல்ல. வணிகக் கல்லூரிகளுக்குத் தரும் அமெரிக்காவின் ஏஏசிஎஸ்பி முத்திரையும் அப்படித்தான், எதை ஏற்பது என்பது சேரும் கல்லூரியின் முடிவு. அங்கே குவார்ட்டர் முறையில் (ஆண்டுக்கு நான்கு பருவம்) 4 கிரெடிட் என்றால் செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு, 2.67. போச்சு, 3 கிரெடிட் தாளுக்கு 0.33 குறை!

இங்கே ஏபிசி கணக்கு, அதாவது கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் வங்கி. 2021 யூஜிசி விதிப்படி கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் 7 ஆண்டு; பாதியாவது பட்டம் தரும் இடத்திலேயே எடுக்க வேண்டும். அதற்கு மேல் நம்மூர் இனிஷியல் வேறு. ஆதாரில் 'ஆர்எம்.', மார்க்‌ஷீட்டில் முழுப்பெயராக விரிந்து கிடந்தால் பெயர் பொருந்தாமல் கிரெடிட் ஏறுவதற்குள் உயிர் போகும்.

டி.சி. வாங்கும்போதே, படித்த ஆண்டின் சிலபஸை யூனிட், மணி நேரத்தோடு முத்திரை போட்டு வாங்குங்கள். பிறகு போனால் புது ரெகுலேஷன் சிலபஸைத்தான் நீட்டுவார்கள். தாளின் பெயரே மாறியிருக்கும். ஏற்கும் தாள்களின் பட்டியல் கடிதமாகக் கைக்கு வராமல் ஃபீஸ் கட்டாதீர்கள். "பார்த்துக்கலாம் தம்பி" என்று சொன்னவர் தாள்கள் சமமா என்று முடிவு செய்யும் ஈக்விவலன்ஸ் கமிட்டியில் இருக்கவே மாட்டார்.