இரத்தம் வந்தால்தான் பிழையா?

திருகோணமலையில் பிள்ளைகளைக் கராத்தேக்கு அனுப்பும் பெற்றோருக்கும், எங்கள் மாஸ்டர்மாருக்கும், முக்கியமாகப் போட்டிகளில் நடுவராக நிற்பவர்களுக்கும்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமித்தேயில், அதாவது இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் கராத்தேச் சண்டைப் போட்டியில், தண்டனை எதற்குக் கொடுக்கிறோம்? அடித்த அடிக்கா, வந்த இரத்தத்துக்கா? உள்ளூர்ப் போட்டிகளில் நான் பார்க்கிறவரை இரத்தத்துக்குத்தான்.

அண்மையில் ஒரு சிறுவர் போட்டிக்குப் போயிருந்தேன். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பிள்ளை, வாயில் பல்லைக் காக்கிற கார்ட் இல்லை. எதிரே நின்றவளின் குத்து கன்னத்தை உரசிக்கொண்டுதான் போனது, ஆனால் உதடு கம்பியில் மாட்டிக் கிழிந்து வெள்ளை உடுப்பில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. உடனே குத்தியவளுக்கு எச்சரிக்கை. பாவம், என்ன செய்தோம் என்றே விளங்காமல் அழாக்குறையாக நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதே மண்டபத்தில் ஒரு பெடியன் நாடியில் நேராக ஒன்று வாங்கினான், சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது. அவன் விழவில்லை, இரத்தமும் இல்லை. நடுவர் 'யமே' சொல்லி நிறுத்தி, அடித்தவனுக்குப் புள்ளி கொடுத்தார். அடி வாங்கியவன் தன்னுடைய இடத்துக்குப் போகாமல் எதிராளியின் பக்கத்தில் போய் நின்றான். சபை சிரித்தது. நடுவர் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார், சண்டை தொடர்ந்தது.

சிரிக்கிற விஷயமா அது? எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பது தலைக்குள் மூளை குலுங்கியதற்கான அடையாளம். அந்த இடத்திலேயே அவனை வெளியே எடுத்திருக்க வேண்டும்.

உலக கராத்தே சம்மேளனத்தின் விதியில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3 என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் புள்ளியைக் கொடுப்பதற்கு நல்ல வடிவம், சரியான நேரம், சரியான தூரம், அடித்த பிறகும் விழிப்பாக இருப்பது என்று நிபந்தனைகள் இருப்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். தூரம் பிழைத்து முகத்தில் மோதிய குத்து புள்ளிக்கே தகுதியில்லாதது. அது பலமான குத்து என்று கைதட்டுவது விளையாட்டுத் தெரியாதவர்கள் செய்கிற வேலை.

இதைச் சொன்னால் உடனே டோக்கியோ ஒலிம்பிக்கை இழுப்பார்கள். 2021 ஆகஸ்ட் 7, 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. சவூதியின் தாரெக் ஹமீதி 4-1 என்று முன்னால் நிற்கிறார், அவருடைய ஒரு உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே மயங்கி விழுகிறார். கட்டுப்பாடில்லாமல் உதைத்ததற்காக அடித்தவர் தகுதி நீக்கம், விழுந்தவருக்குத் தங்கம். 'அப்ப மயங்கி விழுந்தால் பதக்கமோ' என்று இங்கேயும் எத்தனை நக்கல்! என்னைக் கேட்டால் விதிப்படி அந்தத் தீர்ப்பு சரி. நடிப்பதற்கும் விதியில் தண்டனை இருக்கிறது, அதனால் அந்த நக்கல் எடுபடாது. எனக்கு உறுத்துவது வேறு. அதே உதையை வாங்கிக்கொண்டு கஞ்ச்சாதே எப்படியோ நின்றிருந்தால், அது 3 புள்ளியாகவே போயிருக்கலாம். கால் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். வாங்கியவனின் கழுத்துப் பலத்தைப் பார்த்தா அடித்தவனுக்குத் தீர்ப்பு எழுதுவது?

'சண்டை என்றால் அடி விழத்தான் செய்யும்' என்பவர்களுக்கு ஒன்று. உடம்பில் முழுப் பலத்தோடு அடிக்க விடுகிற கியோகுஷின் என்ற கராத்தே வகையின் போட்டியிலேயே முகத்தில் கையால் குத்தத் தடை. அவர்களைவிட முரடர்களா நாங்கள்?

கட்டுப்பாடு என்பது கையை மெதுவாக விடுவது இல்லை. முழு வேகத்தில் போய்த் தோலைத் தொட்ட இடத்தில் நிறுத்தித் திரும்ப எடுப்பது, இடுப்பும் காலும் ஒத்துழைக்காமல் வராது. இதற்கு எங்கள் வகுப்புகளில் எவ்வளவு நேரம் கொடுக்கிறோம்? காற்றில் குத்துகிறோம், உதை பழகுகிற பேட்டில் (pad) முழுப் பலத்தில் உதைக்கிறோம், போட்டி நெருங்கியதும் சோடி சேர்த்து விட்டுவிடுகிறோம். அதிலும் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கை கால் கிடுகிடுவென்று நீளும் காலம் அது. போன வருஷம் சரியாக நின்ற குத்து இந்த வருஷம் மூக்கில் போய் நிற்கும், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அப்புறம் ஆள் காணாது என்று இரண்டு எடைப் பிரிவுகளை ஒன்றாக்கி, மீசை அரும்பியவனையும் சின்னப் பெடியனையும் ஒரே மெத்தையில் ஏற்றுவது. இதை எந்த விதிப் புத்தகத்தில் கண்டீர்கள்?

ஹெல்மெட் போட்டால் போதும் என்ற நினைப்பும் பிழை. வெட்டுக்காயம் குறையும், வாய்க் கார்ட் பல்லைக் காப்பாற்றும், ஆனால் மண்டைக்குள் மூளை ஆடுவதை இரண்டும் தடுக்காது. விழுந்தவர் 10 செக்கனுக்குள் எழும்பாவிட்டால் அந்தத் தொடர் முழுவதிலும் குமித்தே ஆட முடியாது என்று சர்வதேச விதியே சொல்கிறது. இங்கே முதலுதவிக்கு வருகிற பிள்ளைகள் ஐஸ் பையோடு மூலையில் இருப்பார்கள், 'காணும், நிறுத்துங்கோ' என்று சொல்கிற அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. டொக்டர் ஒருவர் இல்லாமல், அவருடைய சொல்லுக்கு மேல் சொல் இல்லை என்று முதலே அறிவிக்காமல் போட்டி தொடங்கவே கூடாது என்பேன்.

நடுவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். எங்கள் ஊர் சின்னது, கொடி தூக்குகிறவர்களில் பலர் மாஸ்டர்மார், அவர்களின் மாணவர்களே மெத்தையில் நிற்பார்கள். எல்லாரும் களவு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தன் மாணவன் அடித்தால் 'கொஞ்சம் பட்டுட்டுது', மற்றவன் அடித்தால் 'கட்டுப்பாடில்லை' என்று கண் தானாகவே பார்க்கும். மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் நடுவர்களைக் கூப்பிடலாம், அவர்களின் போட்டிக்கு எங்களவர்கள் போகலாம். பஸ் காசும் சாப்பாடும்தானே? மூன்றடிக் கோப்பையை ஒன்றரை அடியாக்கினால் அந்தச் செலவு சரி.

பிள்ளைகள் பக்கமும் பிழை இருக்கிறது. குத்திவிட்டு முதுகைத் திருப்பி நடுவரைப் பார்த்துக் கத்துவது, கையைக் கீழே போட்டபடி தலையைக் கொடுத்துப் பாய்வது. தன்னைக் காத்துக்கொள்ளாமல் போவதும் விதிப்படி குற்றம்தான், ஆனால் அதற்கு எச்சரிக்கை கொடுத்து இங்கே நான் கண்டது அபூர்வம்.

பெற்றோர்களே, 'அடி, விடாதே' என்று ஓரத்தில் நின்று கத்துவதைக் கொஞ்சம் குறையுங்கள். தலையில் அடி பட்ட பிள்ளை அன்று மறுபடி மெத்தையில் ஏறக்கூடாது, அரையிறுதியாக இருந்தாலும் சரி. தலையிடி, சத்தி, வெளிச்சம் கூசுவது, சும்மா எரிந்து விழுவது எல்லாம் அடுத்த நாளும் வரலாம். சத்தி எடுத்தாலோ நித்திரை கொண்ட பிள்ளையை எழுப்பக் கஷ்டப்பட்டாலோ நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வகுப்புக்கு எப்போது திரும்பலாம் என்பதை மாஸ்டரிடம் கேட்க வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள்.