எடையைக் கேட்கிறவர்கள் ஹீமோகுளோபினைக் கேட்பதில்லை

குழந்தை பிறந்த சேதி வந்ததும் நம் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்வி: என்ன குழந்தை, எத்தனை கிலோ? இரண்டு கிலோ என்று சொன்னால் போச்சு, "இவ ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா" என்று பெற்றவள் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவு என்பது கணக்கு. ஆனால் 37 வாரம் முடியுமுன் பிறந்த குழந்தை வேறு, மாதம் நிறைந்தும் வயிற்றுக்குள் வளராமல் போன குழந்தை வேறு. முதல் 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

இதன் வேர் கர்ப்பத்துக்கு முன்பே இருக்கிறது. பள்ளிக்கூட வயதிலிருந்தே இரத்தசோகை (அதாவது இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு), இருபது வயதுக்கு முன்பே பிரசவம், மூத்தது பால் மறக்குமுன் அடுத்தது. அப்புறம் கவனிக்காமல் விட்ட பிரஷர், சிறுநீர்த் தொற்று. வீட்டுக்குள்ளேயே பீடி பிடிக்கும் மாமனாருக்கும் இதில் பங்கு உண்டு. அவரை யார் கேட்பது?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத்தான் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகளாகக் கிடந்தன. "அதைப் போட்டா புள்ள கறுப்பா பொறக்கும்" என்றார் மாமியார். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதிலிருந்து கிளம்பிய பயமாக இருக்கலாம். போடுகிறவர்களும் காபியோடு விழுங்குகிறார்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கிற நர்சம்மாவுக்கு இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல நேரம் ஏது?

சரி, சின்னதாகப் பிறந்துவிட்டது. இனி குளிர்தான் பெரிய எதிரி. தொப்பி, சாக்ஸ், டயப்பரோடு மட்டும் குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் ஒட்டிக் கட்டி வைக்கும் கங்காரு முறை, 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. காசு செலவில்லை, பாலும் நன்றாகச் சுரக்கும். அப்பாவும் கட்டிக்கொள்ளலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம் வீடுகளிலோ வந்த மறுநாளே எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகையும் போடுகிறார்கள். இரண்டு கிலோ குழந்தைக்கு இது வேண்டாம். மெதுவாகத் துடைத்துவிட்டால் போதும். நன்றாக எடை ஏறி டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு பாட்டி ஆசை தீர ஊற்றிக்கொள்ளட்டும்.