ஊசி யார் கையில் இருக்கிறது?

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஆப்பிரிக்காவின் மக்கள்தொகை பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம்போல ஒரு நண்பர், “அந்தப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு இல்லைங்க, அதான் பெத்துத் தள்ளுறாங்க” என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே மூச்சில் பேசுவது அபத்தம். அதனால் மலாவி. பெரிய ஏரி ஒன்றின் ஓரமாக நீளவாக்கில் கிடக்கும் ஏழை நாடு. பெரும்பாலும் கிராமங்கள். 2015-16 தேசியக் கணக்கெடுப்பின்படி, அங்கே மணமான பெண்களில் 58 சதவீதம் பேர் ஏதோ ஒரு நவீன கருத்தடை முறையைக் கையாண்டார்கள். அதே ஆண்டுகளில் இந்தியாவின் எண் சுமார் 48. அந்த 48-இலும் 36 பெண்களுக்குச் செய்த குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன். இப்போது சொல்லுங்கள், யார் யாருக்கு விழிப்புணர்வுப் பாடம் எடுப்பது?

ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 29 சதவீதம் பேர் அதற்குள் ஒரு பிள்ளையாவது பெற்றவர்கள், அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். அதே நாடு, அதே சுகாதார நிலையம், அதே மருந்து. அக்காவுக்குக் கிடைப்பது தங்கைக்குக் கிடைக்கவில்லை.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. மலாவியில் பெரும்பாலோர் பேசும் சிச்சேவா மொழியில் கருத்தடையைக் ‘குலேரா’ என்பார்கள். பிள்ளையைப் பேணி வளர்ப்பது என்பது அதன் நேர்ப்பொருள். முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சியில் கருத்தடைக்கு அரசே கதவடைத்திருந்தது. (பெண்கள் முட்டி தெரியப் பாவாடை உடுத்தக்கூடாது என்று சட்டம் போட்ட அதே பண்டா.) 1982-இல் கதவைக் கொஞ்சம் திறந்தபோதும் ‘பிள்ளைகளுக்கிடையே இடைவெளி’ என்ற பெயரில்தான் திறந்தார்கள். அன்றைக்கு அது சாமர்த்தியமான பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி விடுவதற்கு முதலில் ஒரு பிள்ளை வேண்டுமே! பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிற, ஒருவனோடு பழகுகிற 17 வயதுக்காரி அந்தப் பெயருக்குள் எங்கே போய் நிற்பாள்? தலைப்பிள்ளைக்கு முன்னால் கருத்தடை ஊசி போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று பாட்டி சொல்வாள். சில இடங்களில் நர்ஸம்மாவும் அதையே சொல்வார். வரிசையில் முன்னால் நிற்பது சொந்த அத்தை, பின்னால் நிற்பது தேவாலயத்தில் தினம் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரி. இளவயதினருக்கென்று தனிச்சேவை உண்டு என்று அரசின் காகிதத்தில் எழுதியிருக்கிறது. காகிதம் அத்தையை என்ன செய்யும்?

தப்பித் தவறிக் கர்ப்பமானால் என்ன விலை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? பக்கத்துத் தான்சானியாவில் கர்ப்பமான மாணவியை அரசுப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவார்கள். பிள்ளை பெற்ற பிறகும் உள்ளே விட மாட்டார்கள். 2021 நவம்பரில்தான் அது மாறியது.

மலாவியில் பெண்கள் அதிகம் கேட்பது மூன்று மாத ஊசி, அதாவது ஒருமுறை போட்டால் மூன்று மாதம் கருத்தரிக்காமல் காப்பது. அந்த 58-இல் 30 அதுதான். காரணத்தைப் பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆண்களுக்காகச் சொல்கிறேன். மாத்திரை அட்டை என்றாவது யார் கண்ணிலாவது படும். மேல்கைத் தோலுக்கடியில் வைக்கிற சிறு குச்சி, கை பட்டால் நெருடும். ஊசி போட்ட இடம் மறுநாள் யாருக்கும் தெரியாது. கணவனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்கிற பெண்கள் கண்டமெங்கும் இருக்கிறார்கள். வட கானாவின் நவ்ராங்கோவில் 1990-களில் நர்ஸுகளை ஊருக்குள்ளேயே குடிவைத்தார்கள். நர்ஸ் மட்டும் போதவில்லை. ஊர்த்தலைவர்களையும் ஆண்களையும் உட்காரவைத்துப் பேசியபோதுதான் காரியம் நகர்ந்தது. ரகசியத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை. தன் உடம்புக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதில் என்ன பெருமை? வேறு வழி இல்லாதபோது அவர்கள் கண்டுபிடித்த வழி அது, அவ்வளவே.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விஷயம். ஏரியின் தென்கோடியில் இருக்கிற மங்கோச்சி மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு, 2018-இல் வெளியானது. 731 பெண்கள். அதே மூன்று மாத ஊசியின் புது வடிவம், பெயர் சயானா பிரஸ். மருந்து நிரம்பிய சின்னப் பிளாஸ்டிக் குமிழ், அதன் நுனியில் குட்டி ஊசி. தொடையிலோ வயிற்றிலோ தோலைக் கிள்ளிப் பிடித்து, குத்தி, குமிழை மெதுவாக அழுத்தினால் முடிந்தது. பாதிப் பேருக்குச் சுகாதார ஊழியர்கள் போட்டார்கள். மீதிப் பேருக்கு எப்படிப் போடுவதென்று கற்றுக்கொடுத்து ஊசிகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊழியர் கையால் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம் பேர்தான் விடாமல் தொடர்ந்தார்கள். தானே போட்டுக்கொண்டவர்களில் 73. செனகலிலும் உகாண்டாவிலும் செய்த ஆய்வுகள் காட்டியதும் இதே திசையைத்தான்.

மருந்து மாறவில்லை. ஊர் மாறவில்லை. அந்தப் பெண்களுக்குத் திடீரென்று ஞானோதயமும் வரவில்லை. வெயிலில் பல மைல் நடக்க வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, “மருந்து தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வா” என்பதைக் கேட்க வேண்டியதில்லை. விழிப்புணர்வு என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி, நடைதூரம். 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் தானே போட்டுக்கொள்வதைப் பரிந்துரைத்துவிட்டது. (போட்டு முடித்த ஊசியை எங்கே ஒளித்துவைப்பது என்ற தலைவலி மட்டும் மிச்சம். அதற்கு இன்னும் யாரும் நல்ல விடை சொன்னதாகத் தெரியவில்லை.)

‘ஊசி போட்டால் மலடாகிவிடும்’ என்ற பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. இந்த ஊசியால் மாதவிலக்கு தாறுமாறாகும், பலருக்கு நின்றே போகும். ஊசியை விட்ட பிறகு கருத்தரிப்பதும் உடனே நடக்காது. கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் ஆகும். நிரந்தர மலட்டுத்தன்மை வராது என்பது உண்மை. ஆனால் இந்தப் பத்து மாதக் கணக்கை முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால், எட்டாவது மாதத்தில் அந்தப் பெண் எதை நம்புவாள்? ஒழுங்காக வாய்திறந்து சொல்லாதவர்கள் வதந்தியைப் பழிப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

எத்தியோப்பியாவில் வேறொரு கதை. 2003 முதல் கிராமத்துக்கு இரண்டு பெண் சுகாதார ஊழியர்கள் என்று நியமித்து, 2009-லிருந்து கைக்குச்சி வைக்கவும் பழக்கினார்கள். பிரமாதமான வேலை. 2000-இல் 6 சதவீதமாக இருந்த நவீன கருத்தடை 2016-இல் 35 ஆனது. ஆனால் குச்சியை வைக்கக் கற்றவர்களுக்கு எடுக்கக் கற்றுத்தரவில்லை. எடுக்க வேண்டுமென்றால் தூரத்துச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. குச்சி வைத்தவர் எண்ணிக்கை அறிக்கையில் ஏறும். எடுக்கச் சொல்லி அலைந்தவள் எந்தக் கட்டத்தில் வருவாள்?

எச்.ஐ.வி-யைத் தனி அறையில் வைத்துப் பேசுவது இன்னொரு பிழை. தென்னாப்பிரிக்கா, கென்யா, ஸாம்பியா, எஸ்வாட்டினி நாடுகளில் 7,829 பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஊசியால் எச்.ஐ.வி தொற்றும் அபாயம் கூடுகிறதா என்று காப்பர்-டி, கைக்குச்சி இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019-இல் முடிவு வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்குத் தூக்கம் போனது வேறொரு எண்ணால். கருத்தடை வேண்டும் என்று மட்டும் வந்த அந்தப் பெண்களில் 397 பேருக்கு ஆய்வுக்காலத்திலேயே புதிதாகத் தொற்று. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேர், கிட்டத்தட்ட. ஆணுறை போடச் சொல் என்கிறோம். கேட்டால் சந்தேகப்படுகிறாயா என்று அடிக்கிறவனிடம் எப்படிச் சொல்வாள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி தடுப்பு மருந்தைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. எச்.ஐ.வி தடுப்பும் கருத்தடையும் ஒரே வாசலில், ஒரே நாளில் கிடைக்க வேண்டும். இரண்டு வரிசையில் நிற்க அவளுக்கு எங்கே நேரம்?

நண்பரே, கடைசியாக ஒன்று. 2025-இல் பெல்ஜியத்தின் கீல் நகரக் கிடங்கில் அமெரிக்க அரசு வாங்கிவைத்திருந்த கருத்தடைச் சாதனங்கள் கிடந்தன. மதிப்பு சுமார் 97 லட்சம் டாலர். பெரும்பகுதி தான்சானியா, கென்யா, ஸாம்பியா, காங்கோ, மாலி ஆகிய நாடுகளுக்குப் போக வேண்டியவை. உதவித் திட்டத்தை மூடிவிட்டு, அவற்றை எரித்துவிடலாம் என்று அமெரிக்கா முடிவெடுத்தது. நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று சர்வதேச அமைப்புகள் முன்வந்தன. தர மாட்டோம் என்று பதில் வந்தது.