‘தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும்’னு சொல்றவங்க கொஞ்சம் நில்லுங்க

‘பேட்டரிதானே, தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும்.’

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம் வரும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணையும். அவ்வளவுதான், எங்கிருந்தோ நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் இருப்பதில்லை. உள்ளே இருப்பது கந்தக அமிலம். அதிலிருந்து வெளியேறுவது வெடிக்கக்கூடிய வாயு. இரண்டு முனையும் ஒரு ஸ்பேனரில் பட்டுவிட்டால் பாயப்போவது நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட். இதை டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றுவது போல நினைத்துக் கையை விடுகிறோம்.

கார் விற்கிறவர்களைச் சொல்ல வேண்டும் முதலில். லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். டெலிவரி அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, குடும்பத்தோடு போட்டோ எடுத்து, மியூசிக் சிஸ்டத்தில் போனை இணைப்பது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் நடத்துகிறார்கள். பானட்டைத் திறந்து, ‘இதுதான் பேட்டரி, டவுன் ஆனா இப்படிச் செய்யுங்க, இதை மட்டும் செய்யாதீங்க’ என்று ஐந்து நிமிடம் பேச அவர்களுக்கு மனசு வராதா? டிரைவிங் ஸ்கூலிலும் இதே கதைதான். ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பார்கள், பானட் எங்கே திறக்கும் என்றே காட்ட மாட்டார்கள். மேனுவலில் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில், பக்கக் கணக்கில், டேஷ்போர்டு டிராயரில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. பேட்டரியின் மேலே எச்சரிக்கை என்று இருப்பதும் சின்னச் சின்னப் படங்களும் பொடி எழுத்தில் ஆங்கிலமும்தான். தமிழ்நாட்டில் விற்கிற பொருளில் ‘அருகில் பீடி, சிகரெட் வேண்டாம்’ என்று தமிழில் ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்குப் போய்விட்டு வந்த ஒருவருடைய கார் செல்ஃப் எடுக்கவில்லை. இன்னொரு வீட்டுக்கு வந்திருந்த ஆக்டிங் டிரைவர் தான் ஓட்டிவந்த வண்டியை எதிரே கொண்டுவந்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜம்பர் கேபிளை மாட்டினார். சிவப்பை பிளஸ்ஸில், கறுப்பை மைனஸில், நேராகச் செத்துப்போன பேட்டரியின் தலையிலேயே. கடைசி கிளிப்பை வைத்த கணத்தில் சடக்கென்று தீப்பொறி. அவருடைய முகம் பேட்டரிக்கு ஒரு அடி மேலே இருந்தது. கண்ணாடி இல்லை, கையுறை இல்லை. பக்கத்தில் ஒருவர் சிகரெட்டோடு நிற்கிறார். போனில் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தது அந்த வீட்டுப் பெண் குழந்தை, ஆறாவதோ ஏழாவதோ படிக்கிறவள். அவளும் குனிந்து எட்டிப் பார்க்கிறாள். நான் சத்தம் போட்டு அவளை இழுத்தேன். ‘ஏன் சார் டென்ஷன் ஆகறீங்க, இருபது வருஷமா இப்படித்தான் போடறேன், ஒண்ணும் ஆனதில்ல’ என்றார் அவர்.

ஒன்றும் ஆகாதது அவருடைய அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு குழந்தையின் கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது அதிலுள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியே வரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும், 75 சதவீதம் வரை அந்த ஆபத்து நீள்கிறது. பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டாம், கிளிப் உரசுகிற பொறி போதும். வெடித்தால் பிளாஸ்டிக் மூடி துண்டு துண்டாகப் பறக்கும், ஆசிட் முகத்தில் அடிக்கும். அதனால்தான் கடைசி கறுப்பு கிளிப்பைப் பேட்டரியில் மாட்டக் கூடாது என்று பெரும்பாலான மேனுவல்களில் போட்டிருக்கிறான். முதல் சிவப்பு, டவுனான பேட்டரியின் பிளஸ்ஸில். அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். அப்புறம் கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனை டவுனான வண்டியில், பேட்டரியை விட்டுத் தள்ளி, பெயின்ட் அடிக்காத கனமான இரும்பில், என்ஜின் பிளாக்கில். இதெல்லாம் இரண்டு வண்டியும் ஆஃபில் இருக்கும்போது. ஸ்டார்ட் ஆனபின் கழற்றுவது இதற்கு நேர் தலைகீழ் வரிசை. இதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும்? ஆசிட் கண்ணில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதாவது வண்டி வைத்திருக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிகிறதா? துடைத்துவிட்டுக் கண்ணைக் கசக்குகிறார்கள்.

பேட்டரி வீங்கியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், கசிந்திருந்தால் கேபிளையே எடுக்கக் கூடாது. பிளஸ் மைனஸ் மாறிப்போனால் ஃபியூஸ், என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் டையோடு, வண்டியின் மூளையான ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் என்று எதெது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி விலையைப் போலப் பல மடங்கு அங்கே செலவாகும்.

கேபிள் என்று விற்கிறார்களே, அதற்கு வருகிறேன். பெட்டியில் ‘1000 ஆம்ப்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆசையாகத் தடிமனாக இருக்கும். அப்படி ஒன்றை வெட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் தடிமனுக்கு ரப்பர், அதற்குள்ளே பென்சில் ஈயம் அளவுக்குக் கம்பி. கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து வெள்ளையாகிறது, உள்ளே அலுமினியம்! செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சின்ன காருக்கே நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். இந்தக் கம்பியில் அதை ஓட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, கேபிள்தான் சூடேறி உருகும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவர் நம் வீட்டு மனிதர். பெட்டியில் பொய்யை அச்சடித்து விற்கிறவனுக்கு அந்தக் கவலை துளியும் இல்லை. வாங்குவதாக இருந்தால் முழுச் செம்பு, உள்ளே கம்பியின் குறுக்குப் பரப்பு 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், டீசல் வண்டிக்கு இன்னும் தடிமனாக, கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நகை விஷயம் தனி. என் சித்தப்பாவின் மோதிர விரலில் வளையமாக ஒரு தழும்பு உண்டு. பிளஸ் டெர்மினலைக் கழற்றும்போது ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டு, நடுவில் மோதிரம் சிக்கிவிட்டது. ஒரு நொடிதான், மோதிரம் பழுத்துவிட்டது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ் என்கிற விதி இதற்காகத்தான். மைனஸைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் கரண்ட் ஓட வழியில்லை. மணிக்கட்டில் வெள்ளிக் காப்பு, கழுத்தில் செயின் தொங்கக் குனிகிற ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல் ஞாபகம் வருகிறது.

சில மெக்கானிக்குகள் செய்கிற ‘டெஸ்ட்’டும் என்னால் பொறுக்க முடியாத ஒன்று. என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி, ‘வண்டி ஆஃப் ஆகல, டைனமோ நல்லாருக்கு’ என்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிக்குச் செய்த வேலை இது. இன்றைய காரில் அப்படிப் பிடுங்கினால் வோல்டேஜ் திடீரென்று எகிறி எலக்ட்ரானிக்ஸை அடித்துவிடும். இன்னொரு டெஸ்ட், இரண்டு முனையையும் ஒயரால் தட்டிப் பொறி வருகிறதா என்று பார்ப்பது. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிற ஊரில் இது எதற்கு? ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் காலி. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டைனமோவை, பேட்டரியை இல்லை. இதைப் பார்க்காமலே புது பேட்டரியைத் தலையில் கட்டி அனுப்பி, அதுவும் ஒரே வாரத்தில் டவுனாகி நடுரோட்டில் நின்றவர்கள் எத்தனை பேர்!

சரி, தள்ளுகிற கதைக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் வண்டி தள்ளி ஸ்டார்ட் ஆகாது, கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றுகிற ஏ.எம்.டி.யும் அப்படித்தான். மேனுவல் கியராக இருந்தாலும் விளக்கே எரியாத அளவுக்கு பேட்டரி செத்திருந்தால் ஃபியூயல் பம்புக்கும் ஈ.சி.யூ.வுக்கும் கரண்ட் இல்லை, திருநெல்வேலி வரைக்கும் தள்ளினாலும் ஓடாது. ஆனாலும் தள்ளுவார்கள். அதுவும் மேம்பாலச் சரிவில். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்ததும், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக்கொடுக்கிற பூஸ்டரில் மிச்சமிருந்த வேக்குவம் தீர்ந்துவிடும், அப்புறம் முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பின்னால் தள்ளுகிறவர்களுக்குப் பின்னால் பஸ் வருகிறது. செத்த பேட்டரியில் ஹசார்டு விளக்கும் எரியாது என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

ராத்திரி ஜி.எஸ்.டி. சாலையில், செங்கல்பட்டு தாண்டி, இருட்டில் ஒரு விளக்கும் இல்லாமல் நிற்கிற காரை நினைத்துப் பாருங்கள். அதன் பின்பக்கம் டிக்கியில் சாய்ந்துகொண்டு ஒரு குடும்பமே நிற்கும், குழந்தைகள் உட்பட. லாரிக்காரன் கண்ணுக்கு அவர்கள் தெரியப்போவது கடைசி நொடியில்தான். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. வண்டியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடப்பக்கம் ஒதுக்குங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். டிக்கியில் சிவப்பு முக்கோணம் ஒன்று வண்டியோடவே கொடுத்திருப்பார்கள். அதை விரித்துக் குறைந்தது ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள், வண்டிக்கு நாலடி தள்ளி இல்லை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குப் போன் போடுங்கள், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். டோல் கட்டுகிறோமே, இந்த எண் இன்னும் மனப்பாடமாகாதது யாருடைய தப்பு? டோல் பூத்தில் கோபுர உயரத்துக்கு விளம்பரம் வைக்கிறார்கள், இந்த நாலு இலக்கத்தை அந்த அளவில் எழுத இடமில்லையா?

‘வண்டி எடுக்கலன்னா தினம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க’ என்பது இன்னொரு இலவச அறிவுரை. வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடுகிற ஐடிலிங்கில் டைனமோ கொடுப்பது குறைவு, ஏசியும் போட்டிருந்தால் ஏறியதைவிடச் செலவானதே அதிகமாக இருக்கும். அது போகட்டும். ஷட்டர் மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்கிறார்களே, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். பேட்டரிக்குச் சார்ஜ் வேண்டுமென்றால் வண்டியை ரோட்டில் எடுத்து அரை மணி, முக்கால் மணி ஓட்டுங்கள். வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் மைனஸைக் கழற்றி வையுங்கள். டாஷ்கேம், ஜி.பி.எஸ். என்று மாட்டிவைத்ததெல்லாம் பூட்டிய வண்டியிலும் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

குளிர் தேசத்தில் பனிக்காலத்தில் பேட்டரி படுக்கும். நம் ஊரில் அதைக் கொல்வது வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பார்கள் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். சென்னை, வேலூர் வெயிலில் மூன்று, நான்கு வருடம் ஓடினாலே நல்ல பேட்டரி. அப்படியிருக்க, குடோனில் எட்டு மாதம் கிடந்த சரக்கைத் துடைத்துப் புதுசு என்று விற்கிற கடைகளை என்ன செய்வது? சர்வீஸ் சென்டரோ, பேட்டரிக்குத் தண்ணீர் நிரப்பிய டாப்பிங் அப் என்று பில்லில் எழுதிவிட்டு மூடியைக்கூடத் திறக்காமல் அனுப்புகிறது. தெருமுனைக் கடையிலோ கேன் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அது பேட்டரிக்கு ஊற்ற வேண்டிய டிஸ்டில்டு வாட்டர் இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். பழைய பேட்டரியை வாங்குகிற காயலான் கடையில் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். 2022இல் பேட்டரிக் கழிவுக்கென்று மத்திய அரசு புது விதியே கொண்டுவந்த பிறகும் இதுதான் நடக்கிறது.

கடைக்குப் போகும்போது பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள், அதற்குரிய தொகையை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். புதுசில் அச்சடித்திருக்கிற தயாரிப்புத் தேதிக் குறியீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாரன்டி கார்டில் தேதியும் முத்திரையும் உங்கள் கண் முன்னால் விழட்டும். மாட்டி முடித்ததும் என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்து டைனமோ எத்தனை வோல்ட் தருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று இழுத்தால் அங்கே பணம் கொடுக்காதீர்கள். அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது.