மன உறுதி இல்லாமல்தான் செத்தாராமே

அந்தக் காணொளியை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். புற்றுநோய்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் இறந்த அந்தப் பெண்ணைப் பற்றி, ஒரு மருத்துவர் உட்கார்ந்து, "நோய் கொல்லவில்லை, பயம்தான் கொன்றது. மன உறுதி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்" என்கிறார். கீழே அத்தனை பாராட்டுகள். வயிறு எரிகிறது.

அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்ததைச் சொல்கிறார், மருந்துகளின் பெயரைச் சொல்கிறார். தூக்கம் வருகிறதா, வாழப் பிடித்திருக்கிறதா என்று யாராவது ஒருமுறை கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. மனச்சோர்வு கோழைத்தனம் அல்ல. பெரிய நோயோடு சேர்ந்து வரும் இன்னொரு நோய் அது. அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

என் அக்காவுக்குக் கீமோ நடந்த காலம் நினைவுக்கு வருகிறது. சாப்பிடவில்லையா? கீமோ என்றால் அப்படித்தான். களைப்பா? கீமோ. தூங்கவில்லையா? கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையையும் குலைக்கும், உண்மைதான். ஆனால் மனச்சோர்வின் அறிகுறிகளும் இவையேதான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர், உடல் அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு, மருத்துவமனை நோயாளிகளின் மனநிலையை அறிவதற்கென்றே 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். நிரப்பச் சில நிமிடங்கள் போதும். தலையணை உயரத்துக்கு வளர்ந்திருந்த அக்காவின் கோப்பில் அந்த ஒரு தாள் இல்லை.

மருத்துவர் கோப்பைப் பார்த்தபடியே "எப்படி இருக்கிறீர்கள்?" என்பார். அக்கா போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே "பரவாயில்லை சார்" என்பாள். பார்க்க வந்த உறவினர்கள் "அழாதே, அழுதால் நோய் கூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். கடைசியில் இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி முழுக்க எதை நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறீர்கள் அக்கா?" என்று கேட்டார். அவர் சொல்லித்தான் மனநல மருத்துவர் வந்தார். மாத்திரையும் கொடுத்தார், பேசவும் வைத்தார். சில வாரங்கள் கழித்து அவளாகவே பசிக்கிறது என்றாள்.

"சாவை எதிரில் பார்ப்பவர் கவலைப்படுவது இயல்புதானே?" என்று கேட்பீர்கள். வலியும் இயல்புதான். அதற்கு மார்ஃபின் கொடுக்காமலா இருக்கிறோம்? 1967இல் லண்டனில், சாவை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியையும் மன வலியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டார். நாம் இன்னும் "இயல்புதானே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"அத்தனை பேருக்கும் மனநல மருத்துவருக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. 2014இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வைப் பாருங்கள். மனநல மருத்துவரின் மேற்பார்வையில், புற்றுநோயாளிகளின் மனச்சோர்வுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி வேலையைப் பயிற்சி பெற்ற புற்றுநோய்ச் செவிலியர்களே செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களிடம் இருந்தவர்களில் 62 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 17 சதவீதம்.

"தன்னம்பிக்கை ஊட்டினால் தப்பா?" ஊட்டுங்கள். ஆனால் மனநிலை நன்றாக இருந்தால் பிழைத்துவிடலாம் என்று மருத்துவரே சொல்லக் கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனநலம் ஆயுளைத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. மனச்சோர்வு செய்வது வேறு. மருந்தை விடவைக்கும், மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் செய்யும். ஒருவர் சிகிச்சையை நிறுத்துகிறார் என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். விசாரிக்காமல் விட்டுவிட்டு, செத்த பிறகு உறுதி போதவில்லை என்று தீர்ப்பு எழுதுவது என்ன மருத்துவம்?

அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை அவர்களும் பார்ப்பார்கள். எங்களுக்காக அம்மா இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்திருக்கலாமே என்று அவர்கள் நினைத்துவிட்டால், அந்த நினைப்பை யார் போய் எடுப்பது? ஐயா, அந்தக் காணொளியை நீக்குங்கள். அதைப் பகிர்ந்த என் நண்பர்களே, நீங்களும் நீக்குங்கள். இன்றைக்கே.